மணிக்கட்டில் கட்டிய புளியங்கொட்டை

வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. எதற்கு இருக்கிறோம் என்றே தோன்றும். வெளியே சொல்லக் கூச்சம். பொம்மிடியிலிருந்து வந்த நாத்தனார் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். மணிக்கட்டின் உள்பக்கம் ஓரிடத்தை விரலால் அழுத்தி அழுத்தி விட்டால் மனபாரம் குறையும், அக்குபிரஷர் என்று பேர் என்றாள்.

அழுத்தினால் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. நான் அத்தோடு விட்டேனா? களி கிண்டும்போது யார் அழுத்துவது என்று, அங்கே ஒரு புளியங்கொட்டையை வைத்துத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டேன். மகன் கேட்டதற்குச் சுளுக்கு என்றேன். மருமகள் உடனே அதன்மேலேயே பற்றுப் போட்டு இன்னொரு கட்டும் கட்டினாள்! அதையும் வாய்மூடிப் பொறுத்துக்கொண்டேன்.

விடிந்து பார்த்தால் கை வீங்கி, விரல்கள் நீலம் பாரித்து மரத்துக் கிடந்தன. மகன் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கட்டை வெட்டினார். கொட்டை கீழே விழுந்தது.

“ஏன் ஆயா, சுளுக்குக்கு யாராச்சும் புளியங்கொட்ட கட்டுவாங்களா? இன்னும் வுட்டிருந்தா கையே போயிருக்கும்!”

“என்னம்மா இது, சொல்லித் தொலையேன்!” என்று மகன் கத்தினான்.

“சுளுக்கு இல்லடா. மனசு சரியில்ல. இருக்கவே புடிக்கல.”

அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். டாக்டர், இதுவும் நோய்தான் என்று மாத்திரை கொடுத்தார்.

இப்போதும் விரலால் அழுத்திக்கொள்கிறேன், கட்டுவதில்லை. மாத்திரையை விடுவதில்லை. மனசு கனத்தால், “இன்னிக்கு சரியில்லடா” என்று மகனிடம் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வார்த்தைக்கா அத்தனை கூத்து என்று என்மேலேயே எரிச்சலாக வருகிறது.