ஹார்ட்டுக்குள் ஒரு வாஷிங் மெஷின்

தலைக்கு மேலே கெட்டிமேளம்... நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து கெட்டிமேளம்... மறுபடி நின்றுவிடும்.

தொண்ணூறுகளில் காரைக்குடியில் நான் பில் போடும் வேலை பார்த்த கடையில் நாள் முழுக்க இந்தச் சத்தம்தான். கீழே நாங்கள் டிவி, மிக்ஸி, வாஷிங் மெஷின் விற்போம். மாடியில் ரவி அண்ணன் கல்யாண கேசட் எடிட் செய்வார். ஒரே தாலிக்கு இத்தனை கெட்டிமேளம் கேட்டு எனக்குக் கல்யாண ஆசையே விட்டுப்போனது!

கடைச் சாமானை டிரைசைக்கிளில் கொண்டுபோய் இறக்குபவர் சூசை அண்ணன். ஒருமுறை கோட்டையூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு வாஷிங் மெஷின் கொண்டுபோனார். பெண்ணின் அப்பா முன்னாடியே செக் கொடுத்திருந்தார்.

கல்யாணம் முடிந்தது. செக் திரும்பி வந்தது. பணம் கொடுக்க வேண்டாம் என்று பேங்கில் அவரே நிறுத்தியிருக்கிறார். முதலாளி போன் போட்டார். அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது.

"பொருளே வந்து சேரல, செக்கை மட்டும் பேங்க்ல போடுறீகளா? நல்லா யாவாரம் பண்றீக!"

டெலிவரி சீட்டை எடுத்துப் பார்த்தோம். கையெழுத்து இல்லை.

"கல்யாண வீட்ல ஆரு முதலாளி கையெழுத்துப் போடுறாக? எல்லாரும் பந்தியில நிக்கிறாக. சீர் பரப்பியிருந்த எடத்துலதான் எறக்கி வச்சேன். அந்தோணியார் சத்தியமா!" என்றார் சூசை அண்ணன்.

முதலாளி திட்டவில்லை. "சரிப்பா... நாளையிலருந்து நீ வண்டி எடுக்க வேணாம்" என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம். அந்த மனுஷன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் மேலே மறுபடி கெட்டிமேளம்... அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்ம ஊர்க் கல்யாண கேசட்டில் பொண்ணு முகத்தைவிடச் சீர்ச் சாமான்தானே அதிக நேரம் வரும்!

ஒரே ஓட்டமாக மாடிக்கு ஓடினேன். "அண்ணே, கோட்டையூர்க் கல்யாணம் நீங்க எடுத்ததுதானே? அதைக் கொஞ்சம் போடுங்கண்ணே!"

வெள்ளிக் குடம், எவர்சில்வர் அடுக்கு, கட்டில், பீரோ... அப்புறம் ரோஜாப்பூ கொட்ட, ஒரு பெரிய ஹார்ட்டுக்குள் எங்கள் வாஷிங் மெஷின்! மூடியில் நான் வைத்த சந்தனப் பொட்டு. எங்கள் கடை ஸ்டிக்கர். பக்கத்தில் சூசை அண்ணன் தன் துண்டால் அதைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

முதலாளி அந்த அப்பாவைக் கடைக்கு வரவழைத்து, ஷோரூம் டிவி எல்லாவற்றிலும் கேசட்டை ஓடவிட்டார். எங்குட்டுத் திரும்பினாலும் ஹார்ட்டு. "வீட்ல பொம்பளையாளுக சரியாச் சொல்லல..." என்று பெண்ணின் அப்பா முனகினார். சாயங்காலம் பணம் வந்துவிட்டது.

முதலாளி சூசை அண்ணனைக் கூப்பிட்டு வண்டிப் பூட்டுச் சாவியைக் கொடுத்தார். "மனசுல வச்சுக்காதப்பா."

"வச்சுக்கிட்டு எப்படி முதலாளி வண்டி மிதிக்கிறது?" என்றார் அவர். சிரிக்கவில்லை.

இப்போது நான் ஆன்லைனில் கண்டாங்கிச் சேலை விற்கிறேன். போன மாதம் ஒரு கஸ்டமர் பார்சல் வரவே இல்லை என்று டிஸ்ப்யூட் போட, என் அக்கவுன்ட்டுக்கு வந்த காசு திரும்பிப் போய்விட்டது. அதே சேலையைக் கட்டிக்கொண்டு அந்தம்மா போட்ட ரீல்ஸை என் மகள் காட்டினாள். ஹார்ட்டெல்லாம் பறக்கிறது! நான் விற்கிற சைட்டுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். ஆதாரம் போதாது என்று பதில் வந்தது.

கஸ்டமர் கேர் பெண் நல்லவிதமாகத்தான் சொன்னாள். "மேடம், டெலிவரி பண்ணினவர் மேல கம்ப்ளெயின்ட் கொடுத்துடுங்க. கூரியர்ல இருந்து அமௌன்ட் வந்துடும்."

"அவருதான் கொண்டுபோய்க் குடுத்துட்டாரேம்மா" என்று போனை வைத்துவிட்டேன். சேலைக் காசு போனது போனதுதான்.

அந்த டெலிவரித் தம்பி யாரென்றே எனக்குத் தெரியாது. அவர் அந்த வாசலில் பார்சலோடு நின்றதைப் படம் பிடிக்க அங்கே ரவி அண்ணன் இல்லையே...