ரொபர்ட் ஆட்டிவிட்ட தொலைநோக்கி

என் வீட்டுக்காரர் ரொபர்ட்டுக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு தோட்டத்தில் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். நான் அதே தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர்.

கேகாலையில் ஆசிரியர்களுக்கு நடக்கும் மாதிரியுருப் போட்டியில் இரண்டு வருடம் தோற்றவள் நான். ஜெயித்தால்தான் இரத்தினபுரியில் நடக்கும் மாகாணப் போட்டிக்குப் போகலாம். இந்த முறை விடுவதில்லை என்று, விண்வெளியில் சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கியை மாதிரியாகச் செய்தேன். எக்ஸ்ரே கதிர் கண்ணாடியில் நேராக மோதினால் உள்ளே போய்விடும். ஓரமாக உரசினால்தான் தெறித்துத் திரும்பும். அதனால் டின்களின் அடியை வெட்டி, பெரியதுக்குள் சின்னதைச் செருகிக் குழாயாக்கி, உள்ளே பளபளக்கும் தாள் ஒட்டினேன். பின்னால் கதிரைப் பிடிக்கும் தட்டு.

"இந்தத் தட்டு போகப் போகத் தேஞ்சிரும். கதிர் விழுற எடம் மங்கிரும்" என்று அவரிடம் சொன்னேன்.

"ஒரே எடத்துலயா விழுது? என்னா மடத்தனம்!"

"ஒங்களுக்கு என்னா தெரியும்? பேசாம இருங்க."

போட்டியன்று தொலைநோக்கிப் பெட்டியைச் சுமந்து வந்த ரொபர்ட்டைக் காட்டி, அவர் யாரென்று பக்கத்து மேசை ஹிமாயா டீச்சர் கேட்டார். "சாமான் தூக்க வந்தவரு" என்று சொல்லிவிட்டேன். ரொபர்ட் காதில் அது விழுந்தது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

மாவனல்லையிலிருந்து வந்த நடுவர் ஹஸீப் சேர் குழாயைத் தொட்டார். அது ஆடியது! மாதாவே, குழாயைத் தாங்கியோடு நான் இறுக்கி வைத்த திருகாணியைத் தளர்த்தி, யாரோ ஸ்பிரிங் மாட்டியிருந்தார்கள். யாரோ என்ன, இந்த மனுசன்தான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் டீச்சர் ஆடுது? சரியா பூட்டலயா?"

போச்சு, இந்த வருடமும் போச்சு.

ரொபர்ட் முன்னால் வந்தார். "காலையில நான்தாங்க லூஸாக்குனேன் சேர். ஒரே எடத்துல வெட்டுனா றப்பர் பட்டை செத்துரும். நாங்க ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கீழ எறங்கி வெட்டுவோம். ஒரு பக்கம் முடிஞ்சா மறுபக்கம். அந்தத் தட்டும் பாவம்தானே? குழாய மெதுவா ஆட்டிவிட்டா தேய்மானம் ஒரே எடத்துல விழாது."

ஹஸீப் சேர் வாய்விட்டுச் சிரித்தார். "மேல சுத்துற நிஜத் தொலைநோக்கியையும் இப்படி ஆட்டி ஆட்டித்தான் பாக்குறாங்க. இங்க ஒருத்தரும் இதக் காட்டினதில்ல. யார் இவரு?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. "என் வீட்டுக்காரரு சேர்" என்றேன், ஹிமாயா டீச்சருக்கும் கேட்கும்படி. போட்டிப் படிவத்தில் 'இணைந்து செய்தவர்' என்ற இடத்தில் யாரும் இல்லையென்று நான் கீறி வைத்திருந்த கோட்டை அடித்துவிட்டு, அவர் பெயரை எழுதினேன்.

முதலிடம் எங்களுக்கு. திரும்பும் பஸ்ஸில் ரொபர்ட் கேட்டார்: "இரத்தினபுரிக்கும் சாமான் தூக்க ஆள் வேணுமா டீச்சர்?"

பெட்டியை அவரிடமிருந்து வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.