எம்மி விருதுக்கு எங்கள் வீட்டில் நாசி லெமாக்

காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்குத்தான் எல்லாம் கோணலாகத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஒன்றேகால் மணி நேரமும் தொலைக்காட்சியை விட அதற்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது.

அமெரிக்காவில் ஞாயிறு மாலை நடக்கும், தொலைக்காட்சித் தொடர்களுக்கான எம்மி விருது விழா, மலேசியாவில் எங்கள் ஊரான உலு திராமில் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நேரலையாக வரும். அந்த ஆண்டு மலேசிய தினமும் திங்களில் விழுந்ததால் எல்லோருக்கும் விடுமுறை. துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவர் மட்டும் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். எங்கள் வரவேற்பறையில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் மகளின் பெயர் எப்போது வரும் என்று பார்க்க வந்தவர்கள். அப்படிச் சொல்லி அழைத்தவள் நான்.

மகள் சிங்கப்பூரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தாள். அமெரிக்கத் தொடர்களில் ஆட்கள் பறந்து சண்டை போடும்போது இடுப்பில் கட்டியிருக்கும் கம்பியைக் கணினியில் அழிப்பது அவள் வேலை. ஒரு நொடிக் காட்சிக்கு இருபத்து நான்கு படம், ஒவ்வொன்றிலும் அழிக்க வேண்டும். கம்பி இருந்தது யாருக்கும் தெரியக் கூடாது. மூன்று வருடமாக இதை யாரிடமும் சொல்லத் தெரியாமல் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி வந்தேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள்.

அவர்கள் போன வேறு பேச்சு, பெரும்பாலும் என் ஓரகத்தியின் மகளைப் பற்றியதாக இருந்தது.

ஓரகத்தி என் கணவரின் தம்பி மனைவி. இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் மகள் டாக்டராகி சிகாமட் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில், கடவுளுக்கு நன்றி சொல்லும் கருத்தாக அவள் பெயரை வாசித்தார்கள். வெள்ளம் வந்தபோது அந்தப் பெண் வீட்டுக்குப் போகாமல் வேலை பார்த்தாள் என்று தேவாலய வாட்சாப் குழுவில் படம் வந்தது. நானும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டேன். பிறகு கணவரிடம், "செருப்பெல்லாம் சேறு, கழுவிட்டுப் படம் எடுத்திருக்கலாம்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. இத்தனைக்கும் ஓரகத்தி என்னிடம் ஒருநாளும் பெருமை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெறுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அப்போதுதான் என் மகள் ஜூலையில் ஒருநாள் போன் செய்தாள்.

"அம்மா, நாங்க செஞ்ச ஷோ எம்மிக்கு நாமினேட் ஆயிருக்கு. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ்ல."

"எம்மியா? உனக்கா?"

"எனக்கில்லம்மா, ஷோவுக்கு. பேரெல்லாம் பெரிய ஆளுங்களுது லா. நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நான் அன்று மாலையே ஓரகத்தியிடம் சொன்னேன். சொன்னபோது "ஷோவுக்கு" என்ற சொல் என் வாயில் வரவில்லை. மறுவாரம் ஜெபக் குழுவில் சொன்னேன். அடுத்த மாதம், தேவாலய அலுவலகத்துக்குப் போய், மகளின் வெற்றிக்காகப் பூசையில் வாசிக்க ஒரு கருத்து எழுதிக் கொடுத்தேன். அது வாசிக்கப்பட்டபோது முன் வரிசையில் இருந்த ஓரகத்தி திரும்பி என்னைப் பார்த்தாள். பொறாமைப்படுகிறாள் என்று நினைத்தேன். அன்று மத்தியானம் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்டு நடுவிலிருந்து மகள் போன் செய்வது குறைந்தது. வேலை அதிகம் என்று மெசேஜ் வரும். விருது நாள் நெருங்குகிறது, மூச்சுவிட நேரமிருக்காது என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் ஏதோ பயம் இருந்தது. அதைக் கிளற நேரமில்லாதபடி அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

திங்கள் காலை ஐந்து மணிக்கு எழுந்து நாசி லெமாக்குக்குத் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலி சம்பலும் செய்தேன். ஓரகத்தி ஆறு மணிக்கே வந்து வாழையிலையில் பொட்டலம் கட்டினாள். நான் நினைத்ததை விட அமைதியாக இருந்தாள். அதையும் பொறாமைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு விழா தொடங்கியது. யாருக்கும் மேடையில் இருந்த யாரையும் தெரியவில்லை. ஒரு நடிகையின் கவுன் தரையைக் கூட்டுகிறது என்று சிரித்தார்கள். நன்றி சொல்லிக்கொண்டிருந்தவரை இசை போட்டு நிறுத்தியபோது, "நம்ம ஃபாதர் பிரசங்கத்துக்கும் இப்படி ஒண்ணு வைக்கணும்" என்றாள் ஓர் ஆண்ட்டி. அந்த வருடம் இறந்துபோன கலைஞர்களின் படங்களைக் காட்டும் பகுதி இதிலும் உண்டு என்று யாரோ சொன்னதும் இன்னோர் ஆண்ட்டி முன்கூட்டியே சிலுவை போட்டுக்கொண்டாள். வென்றவர் பெயர் வைத்த ஒவ்வொரு உறை பிரிக்கப்படும்போதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் "இது இல்ல, இனிமேதான்" என்றேன்.

ஒன்பது இருபதுக்கு ஜெபக் குழுத் தலைவர் கைபேசியை மூக்கருகே பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வாசகம் படிப்பவர். எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவர்.

"சிஸ்டர், இந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் விருதெல்லாம் இந்த மேடையில கொடுக்கிறதில்லையாம். அதுக்குத் தனி விழாவாம். போன வாரமே முடிஞ்சிருச்சின்னு போட்டிருக்கு."

"வேற ஷோவா இருக்கும் அங்கிள்," என்றேன்.

"இல்ல இல்ல, அதே ஷோதான். கிடைக்கல. நாமினேஷன் பேரும் இருக்கு, படிக்கிறேன்."

படித்தார். வாசகம் படிப்பதுபோல் ஒவ்வொரு பெயருக்கும் இடைவெளி விட்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தார். எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். கடைசிப் பெயர் முடிந்ததும் தொலைக்காட்சியில் ஆயிரம் பேர் கைதட்டினார்கள்.

"அங்கிள், சம்பல் இன்னும் கொஞ்சம் போடவா?" ஓரகத்தி எழுந்துவிட்டாள். "ஆண்ட்டி, அந்த நீலக் கவுன் துணி பாருங்க, நம்ம ஜேபி கடையில கெடைக்குமா?"

பேச்சு மெதுவாகக் கவுனுக்குத் திரும்பியது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோர் முகத்திலும் இருந்த திகைப்பு அவள் முகத்தில் மட்டும் இல்லை. அவள் சமையலறைக்குப் போனபோது நானும் பின்னாலேயே போனேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

சம்பல் கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியும்க்கா. போன வாரமே."

"யாரு சொன்னது?"

"அவதான்."

"எவ?"

"உங்க மகதான்க்கா."

அதுவரை எனக்கு இருந்தது அவமானம் மட்டும்தான். பதினொரு பேர் முன்னால் முகத்தில் சம்பல் பூசிக்கொண்டதுபோல. அந்தப் பதிலுக்குப் பிறகு அவமானம் சின்னதாகிவிட்டது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எத்தனை தடவை ஆரம்பிச்சேன். இன்னைக்குக் காலைலகூட. நான் சொல்லியிருந்தா பொறாமையில சொல்றேன்னுதானே நெனைச்சிருப்பீங்க?"

நினைத்திருப்பேன். அதை அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை. "வேற என்ன சொன்னா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் வரவேற்பறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வேலை போயிருச்சுக்கா. அங்க பாதிப் பேரை நிப்பாட்டிட்டாங்களாம். ஒரு மாசமாச்சு. வேலை பர்மிட்டும் முடியுது, ரூமைக் காலி பண்ணிட்டா. நேத்தே வரேன்னுதான் சொன்னா. ஆளுங்க கூடியிருக்கிற வீட்டுல வந்து நிக்க வேணாம், இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல வான்னு நான்தான் சொன்னேன்."

ஒரு மாதம். என் மகள் ஒரு மாதமாக யாரிடமோ மனம்விட்டுப் பேசியிருக்கிறாள், அந்த யாரோ இவள். இதோடு பார்த்தால், இவளுடைய டாக்டர் மகள்மீது எனக்கு இத்தனை வருடம் இருந்தது பொறாமையே இல்லை என்று அப்போது தெரிந்தது. பட்டம், படம், பூசைக் கருத்து எதுவும் பெரிதில்லை. என் பிள்ளை தடுமாறியபோது கைபேசியில் இவளுடைய எண்ணைத்தான் அழுத்தியிருக்கிறாள். குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும் இன்றைக்கும் அந்தக் கைப்பிடியின் குளிர் உள்ளங்கையில் இருக்கிறது.

"அழுதாளா?" என்று கேட்டேன்.

"மொத நாள் மட்டும்."

மொத நாள் எது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

விழா பதினொரு மணிக்கு முடிந்தது. ஆளுக்கொரு பொட்டலத்தோடு எல்லோரும் கிளம்பினார்கள். தலைவர் வாசலில் நின்று, "அடுத்த வருஷம் கண்டிப்பா, சிஸ்டர்," என்றார். ஓரகத்தி இலைகளை அள்ளி, தரையைத் துடைத்து, தட்டுகளைக் கழுவி அடுக்கினாள். மகள் சிங்கப்பூர் எல்லையைக் கடக்கும் காஸ்வே பாலத்தில் ஜாமில் நிற்கிறாள் என்று அவளுக்குத்தான் செய்தி வந்தது. என் கைபேசி மேசைமேல் சும்மா கிடந்தது.

இரண்டு மணிக்கு ஓரகத்தியிடம் சொன்னேன்: "நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கிறேன்."

"அக்கா, கொஞ்ச நேரம்..."

"என் பிள்ளைதானே. நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல?"

அவள் பையை எடுத்தாள். என் பிள்ளை என்னிடம் முதலில் வரட்டும், என் தோளில் சாயட்டும், இவள் பார்க்கக்கூட வேண்டாம். இதுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது. ஓரகத்தி வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வாடகைக் கார் வந்து நின்றது. மகள் இரண்டு பெட்டியோடும் ஒரு கணினித் திரையோடும் இறங்கினாள். மெலிந்திருந்தாள். நான் கேட்டைத் திறந்துகொண்டு ஓடினேன். என்னைக் கட்டிப்பிடித்தாள். பிடித்தபடியே, என் தோளுக்கு மேலாக, போகத் திரும்பியவளைக் கூப்பிட்டாள்.

"சித்தி, போகாதீங்க. அம்மா கேள்வி கேக்க ஆரம்பிச்சா எனக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும்."