மாடக்கண்ணு மிச்சம் வைத்த மருந்து

1934இல் தென்காசி மாடக்கண்ணுவுக்கும் அவர் மனைவி பேராச்சிக்கும் ஒரே மாதத்தில் கால் வீங்கியது. நாலு எட்டு நடந்தால் இருவருக்கும் மூச்சு இரைத்தது. டிஸ்பென்சரி டாக்டர் மாடக்கண்ணுவின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, இருதயம் பலவீனம் என்றார். பேராச்சி பொம்பளை, அவளை வாசற்படியில் நிற்கவைத்தே வாயு என்று சொல்லிவிட்டார். அவருக்குக் கட்டில், உப்பில்லாச் சாப்பாடு, கசப்பு மிக்சர். அவளுக்கு ஓமத்தண்ணீர், கூடவே புருஷனைக் கவனிக்கும் வேலை.

ஊரே மாடக்கண்ணுவைப் பார்க்க வந்தது. வந்தவர்கள் கருவாடும் ஊறுகாயும் தலையணைக்கடியில் செருகிவிட்டுப் போனார்கள். அப்புறம் உப்பில்லாச் சோறு எந்த ஆம்பளைக்கு இறங்கும்? முக்கால்வாசியை இலையில் விட்டுவிடுவார். புருஷன் எழுந்த இலையில் சாப்பிடுவது பேராச்சியின் வழக்கம், அதனால் அது அவளுக்கு. மிக்சரிலும் பாதி மிஞ்சும். வீணாக்க மனசு வராமல் அதையும் குடித்தாள். ஆறே மாதத்தில் அவள் கால் வடிந்தது. அவர் கால் உரலானது.

மறு வருஷம் சாரலில், குற்றாலத்து அருவியில் நின்றால் நெஞ்சு பலப்படும் என்று எவனோ ஓதிவிட, மனுஷர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நின்றார். அங்கேயே சரிந்தார்.

பேராச்சி அழுதாள். நிஜமாகவே அழுதாள், அவர்மேல் பிரியம்தான். காரியம் முடிவதற்குள் கால் மறுபடி வீங்கிவிட்டது. மிச்சம் வைக்கத்தான் ஆளில்லை.

டிஸ்பென்சரிக்குப் போய் அந்த மிக்சர் தனக்கு வேண்டும் என்றாள். நோட்டில் அவள் பெயருக்கு நேரே வாயு என்றிருந்தது. வாயுவுக்கு அந்த மருந்து கிடையாது. இழவுக்கு வந்துபோன கம்பவுண்டர் ஆதம், அவள் காலைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார்.

"அண்ணாச்சி பேருக்கே தாரேன் மதினி. அவுக செத்தது இந்த நோட்டுக்குத் தெரியாது."

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. பழைய டாக்டருக்குப் பதில் அவர் மருமகன் வந்தார். அவரும் பொம்பளைகளை வாசற்படியில் நிற்கவைத்து நோட்டோடு பேசுகிறவர். பேராச்சியின் வெறும் நெற்றி அவர் கண்ணில் படவில்லை. மாடக்கண்ணு, ஆண், மாதம் தவறாமல் மருந்து, வீக்கம் அறவே இல்லை என்று படித்து அசந்துபோனார். இப்படிச் சொன்னபேச்சு கேட்கிற ஆம்பளையை இந்த நோயில் பார்த்ததில்லை என்று மெச்சினார். ஆதம் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாடக்கண்ணு இப்போது எப்படி இருக்கிறார் என்று டாக்டர் கேட்டார். மூச்சுமுட்டல் இல்லை, நன்றாக நடமாடுகிறார் என்றாள் பேராச்சி.

டாக்டர் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்றார்.

"எனக்கென்னய்யா, வெறும் வாயுதான்."