அடுத்தவர் குறையைச் சொல்லும் முற்றம்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் பஸ், அங்கிருந்து எறணாகுளத்துக்கு ரயில். எண்பதுகளின் தொடக்கம், மே மாதத்து ஞாயிறு. நான் ஊர் சுற்றப் போகவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை செல்வி, "என்னால இங்க இருக்க முடியல, வந்து கூட்டிட்டுப் போ" என்று எழுதியிருந்தாள்.

மதியம் இரண்டு மணிக்குப் படகு, சீட்டு அரை ரூபாய். இறங்கியதும் மிளகு நெடியில் இரண்டு தும்மல் போட்டேன். ஒரே தெருவில் கொங்கணி, குஜராத்தி, மலையாளம், தமிழ் எல்லாம் காதில் விழுந்தன.

செல்வி சாயா கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். தெருக்குழாயில் தண்ணீர் காலை ஐந்தரைக்கு வந்து ஆறரைக்கு நின்றுவிடும். புதிதாக வந்தவள் என்பதால் அவள் வரிசையில் கடைசி. ஒருநாள் பப்படம் போடும் கொங்கணிக்காரர் விட்டல் பையின் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்திருக்கிறாள். அவர் "பாண்டி" என்று, தமிழரை அங்கே இளக்காரமாகச் சொல்லும் சொல்லால், ஏசிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "மூட்டையைக் கட்டு" என்றேன். "இன்னைக்குத் தண்ணி விஷயமா தெருக் கூட்டம் இருக்குண்ணா. அது முடியட்டும்" என்றாள்.

நான்கு மணி. இஞ்சிக் கிடங்கு முற்றத்தில் நாற்பது பேர். மருத்துவச்சி திரேசா சேச்சிதான் நடத்தினார். அந்தத் தெருவில் ஒரு வழக்கம். யாரும் தன் மனக்குறையைச் சொல்லக்கூடாது, எதிராளிக்கு என்ன கஷ்டம், என்ன மனக்குறை என்பதைத்தான் சொல்ல வேண்டும். குறைக்கு உரியவர் ஆமென்று தலையசைக்கும்வரை விடமாட்டார்கள். வேலையற்ற வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

பை எழுந்தார். "அவளுக்குக் காத்துநிக்கப் பொறுமை இல்லா" என்றார்.

செல்வி தலையசைக்கவில்லை.

"வீட்டுல குழந்தை சின்னது" என்றார் பை மறுபடி.

அதற்கும் இல்லை. "பை, அவளிடம் சோதிக்கூ" என்றார் சேச்சி, அவளையே கேளுங்கள் என்று.

பை கேட்டார். செல்வி மெதுவாகச் சொன்னாள்: "நான் வேலைக்குப் போற கிடங்கு கேட்டைக் காலையில ஆறரைக்கு அடைச்சிருவாங்க."

பை கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "தண்ணி பிடிச்சா ஒருநாள் கூலி போகும். கூலிக்குப் போனா வீட்டுல தண்ணி இல்லா. பின்னே, நான் அவளைப் பாண்டின்னு விளிச்சு. அது தப்பு."

செல்வி தலையசைத்தாள். கண் கலங்கியிருந்தது.

அடுத்து அவள் முறை. என் தங்கை, வீட்டில் நாலு பேர் வந்தால் அடுக்களைக்குள் போய்விடுபவள், தட்டுத்தடுமாறி மலையாளத்தில் பேசினாள்: விடியுமுன் மாவு பிசையாவிட்டால் வெயில் இறங்குவதற்குள் பப்படம் காயாது, அன்று தன்னால் தாமதமாகி, பை சேட்டன் பிசைந்த உளுந்து மாவு முழுக்கப் புளித்துப் போனது. பை உடனே தலையசைத்தார். நெஞ்சு நிறைந்துவிட்டது எனக்கு. அண்ணன் என்று சொல்லிக்கொள்ள அன்றுபோல் என்றும் பெருமைப்பட்டதில்லை.

முதல் குடம் பைக்கு, அடுத்த இரண்டு செல்விக்கு என்று முடிவானது.

மறுநாள் ஆறு மணிக்குள் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, ஆறேகாலுக்கு வேலைக்குக் கிளம்பினாள். "அம்மாகிட்ட நான் வரலேன்னு சொல்லிருண்ணா. கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லு" என்றாள். நான் தனியாகப் படகேறினேன்.

பொள்ளாச்சியில் எங்கள் தெருவில் பேசுவது ஒரே மொழி. எதிர்வீட்டுக்காரரோடு நான் பேசி மூன்று வருஷம் ஆகிறது. அவருக்கு என் மேல் என்ன குறை என்று யாராவது கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது.