ஓலீட்டா கேட்டது பின்கம்பி

என் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மெர்ல் மேலும் தீரவில்லை. ஆனால் அவனை மட்டும் திட்டினால் அது பாதி நியாயம்தான். அவன் வாயால் செய்ததை நான் ஸ்பானரால் செய்தேன்.

டொலீடோ நகரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் ஓலீட்டா ஃபென்ஸ்கியைத் தெரியாதவர் கிடையாது. பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டு இருபத்தாறு வருடமாக அவள் கையில்தான். நானூறு பிள்ளைகளுக்கு மாட்டிறைச்சியும் பீன்ஸும் வேகிற பாத்திரத்தை இரண்டு ஆள் சேர்ந்து இறக்குவார்கள். அவள் தனியாக இறக்குவாள். பெரியவர், சின்னவர் என்று பார்க்காமல் எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். ஐம்பத்து மூன்று வயது, ஆள் ஒல்லி, நூற்றிருபது பவுண்டு இருந்தால் அதிகம்.

அதற்கு முன் கண்ணாடித் தொழிற்சாலையில் ஆறு வருடம் பாட்டில் பிரிக்கும் வேலை பார்த்தவள். அந்தச் சம்பளத்தைச் சேர்த்துத்தான் 1967இல் பச்சை நிற ஜிடிஓ கார் ஒன்றைப் புதிதாக வாங்கினாள். அப்போது, பின்னால் அவள் புருஷனான மெர்ல் என்று ஒருவன் உலகத்தில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பவர் ஸ்டியரிங் வேண்டுமா என்று கடைக்காரன் கேட்டதற்கு, “எதுக்கு, எனக்குத்தான் ரெண்டு கை இருக்கே” என்றாளாம். வண்டிப் பத்திரம் இன்றுவரை அவள் பெயரில்தான் இருக்கிறது. இருபத்தொன்பது வருடமாக அதை அவள்தான் ஓட்டினாள். கடைசி மூன்று வருடமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் பொருட்காட்சித் திடலில் நடக்கும் கூம்பு ஓட்டத்துக்கும் கொண்டுபோனாள். ரப்பர் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒன்றையும் இடிக்காமல் யார் சீக்கிரம் ஓட்டி முடிக்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம். அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் அவள் பரிமாறிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவர்களையே அவள் முந்திவிடுவாள்.

என் தொழில் காரின் கால்கள். ஸ்ப்ரிங், அதன் குதிப்பை அடக்குகிற எண்ணெய்க் குழாயான ஷாக், சக்கரத்தின் கோணம், இவைதான் இருபத்திரண்டு வருடமாக எனக்குச் சோறு போடுகின்றன. மே மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ஓலீட்டாவும் மெர்லும் என் கடைக்கு வந்தார்கள். அவள் ஒரு காகிதத்தை என் முன்னால் விரித்தாள்.

“மூணு வருஷமா ஒவ்வொரு வளைவுலயும் வண்டி என்ன பண்ணுதுன்னு எழுதி வச்சிருக்கேன் கண்ணு. நான் திருப்பினாலும் மூக்கு நேரா போகுது. பின்பக்கம் தூங்கி வழியுது. எனக்குப் பின்னாடி ஒரு குறுக்குக் கம்பி போடு. நல்ல ஷாக் நாலு, மூட்டுகள்ல தேஞ்ச ரப்பருக்குப் பதிலா புது ரப்பர். அவ்வளவுதான். வேற எதையும் தொடாதே.”

குறுக்குக் கம்பி என்பது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இழுத்துக் கட்டி, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற இரும்பு. இந்தக் காருக்கு முன்னால் ஒன்று இருக்கிறது, பின்னால் கிடையாது. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது எனக்கு அந்த நிமிடமே தெரியும்.

மெர்ல் அந்தக் காகிதத்தை ஒரு விரலால் ஒதுக்கினான்.

“வீட்டுப்பாடம் எழுதிட்டு வந்திருக்கா, விடு. டேய் லைல், பந்தயக்காரனுங்க என்ன போடுறானுங்களோ அதைப் போடுறா. முன்னாடி தடிக் கம்பி, தடி ஸ்ப்ரிங், அகல டயர். ஸ்டியரிங் பெட்டியும் வேகமா திரும்புறதா மாத்திடு.”

“மெர்ல், அதெல்லாம் போட்டா…” என்று அவள் ஆரம்பித்தாள்.

“அவனுக்குத் தெரியாதா? இருபது வருஷமா இதானே பண்றான். உன் பருப்பெல்லாம் சமையற்கட்டுல வேகும், இங்க வேகாது.”

நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன். வியாழக்கிழமைதோறும் மெர்லும் நானும் ஒரே அணியில் பவுலிங் பந்து உருட்டுகிறவர்கள், அதனால் என்று ஒரு சாக்குச் சொல்லலாம். அது பொய். ஒரு ஆண் மேசையைத் தட்டிப் பேசினால் என் தலை தானாக ஆடுகிறது, அதுதான் உண்மை. முன்பக்கத்தை மட்டும் இறுக்கினால் மூக்கு இன்னும் நேராகப் போகும் என்று தெரிந்துகொண்டே அத்தனை சாமானுக்கும் ஆர்டர் போட்டேன்.

இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் பூட்டினேன். கடைசியாகச் சக்கரத்தின் கோணம் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் கவனமாகச் செய்கிறவர்கள் ஓட்டுநர் இருக்கையில் ஓட்டுகிறவரின் எடைக்கு மணல் மூட்டை வைத்துவிட்டுத்தான் கோணம் பார்ப்பார்கள். நான் மெர்லுக்குப் போன் போட்டு, “நீ எவ்வளவு எடைடா?” என்று கேட்டேன். இருநூற்று நாற்பது என்றான். அவ்வளவு மணலையும் இருக்கையில் ஏற்றினேன்.

வண்டி எடுக்க மெர்லோடு வந்த ஓலீட்டா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“இது யாரு?”

“ஓட்டுறவர் எடை.”

“ஓட்டுறவ நான்.”

நான் சிரித்தேன். அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேனாம். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடை வாசலிலேயே வண்டி தெருவுக்குத் திரும்பவில்லை. அகல டயர், வேக ஸ்டியரிங் பெட்டி, நான் வைத்த கோணம், எல்லாம் சேர்ந்து ஸ்டியரிங்கைக் கல்லாக்கியிருந்தன. நானூறு பேர் சாப்பாட்டைத் தூக்குகிறவள் இரண்டு கையாலும் இழுத்தும் முடியாமல் விட்டதை நான் பார்த்தேன். மெர்லும் பார்த்தான்.

“வயசாச்சுல்ல, நகரு. இந்த ஞாயித்துக்கிழமை நான் ஓட்டுறேன்” என்றான்.

அந்த ஞாயிறு அவன் பதினொரு கூம்புகளை இடித்தான். பாதி வழியில் தடம் தெரியாமல் வெளியே போய், வறுத்த சோளம் விற்கிறவனின் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். அப்போதாவது புத்தி வந்ததா? அதற்கடுத்த வியாழன் பந்து உருட்ட வந்தபோது பியரைக் குடித்துக்கொண்டே, “அது ஓட்டுற வண்டியே இல்லடா. அவளாலயும் முடியல. என் சித்தப்பா மகன் விலைக்குக் கேக்கிறான், சனிக்கிழமை டிரெய்லரோட வரச் சொல்லிட்டேன்” என்றான்.

வண்டி ஓடாததற்கு என் ஸ்பானர்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறந்தேனா? இல்லை. என் முறை வந்ததும் எழுந்து போய்ப் பந்தை உருட்டினேன்.

மறுநாள் காலை நான் கடையைத் திறக்கும்போது ஓலீட்டா வாசலில் நின்றாள். தோள் வலியோடு தெருத்தெருவாகத் திருப்பித் திருப்பி வண்டியைக் கொண்டுவந்திருந்தாள். அன்று கண்ணு கிண்ணு எதுவும் இல்லை, என் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தாள்.

“மிஸ்டர் டீட்ஸ், அன்னைக்கு மெர்லை நீங்க எத்தனை கேள்வி கேட்டீங்க தெரியுமா? பதினாலு. நான் எண்ணினேன். என்னை ஒண்ணே ஒண்ணு கேட்டீங்க, காபி வேணுமான்னு.”

“ஓலீட்டா, நான்…”

“நான் இன்னும் முடிக்கல. என் கையெழுத்து இல்லாம அவரால விக்க முடியாது. அது அவருக்குத் தெரியும். அதனாலதான் என் வாயாலயே ‘என்னால ஓட்ட முடியல, எடுத்துட்டுப் போங்க’ன்னு சொல்ல வைக்கப் பாக்கிறார். அதுக்குச் சாமான் பூட்டிக் கொடுத்தது நீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் எழுதிட்டு வந்தது தப்புன்னு நெனச்சா பண்ணீங்க?”

“இல்ல. சரின்னு தெரியும்.”

தப்பென்று நினைத்தேன் என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பாள் என்று தோன்றுகிறது. அவள் சாவியை மேசை மேல் போட்டாள்.

“அப்போ நாளைக்குக் காலையில எனக்கு என் வண்டி வேணும்.”

அன்று வேறு எந்த வண்டியையும் நான் உள்ளே விடவில்லை. தடிக் கம்பியைக் கழற்றிப் பழையதைப் போட்டேன். வேக ஸ்டியரிங் பெட்டி போனது, அகல டயர் போனது, ஸ்ப்ரிங்கும் போனது. அவள் கேட்டவற்றில் முதல் தடவையே பூட்டியிருந்த புது ஷாக்கும் ரப்பரும் மட்டும் அப்படியே இருந்தன. அவள் கேட்ட பின்கம்பிக்காக லைமா நகரம் வரை போய் வந்தேன். சாயங்காலம் கோணம் பார்க்கும் நேரத்தில் நான் மணல் மூட்டை பக்கம் போகவே இல்லை. அவளே இருக்கையில் ஏறி உட்கார்ந்து முக்கால் மணி நேரம் குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பினாள். எவ்வளவு ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை டிரெய்லர் வந்தபோது, அவள் அதன் முன்னாலேயே வண்டியை ஒற்றைக் கையால் திருப்பி வீட்டு ஷெட்டுக்குள் விட்டாளாம். மெர்லின் சித்தப்பா மகன் வெறும் டிரெய்லரோடு கிளம்பிப் போனான். இதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், மெர்ல் சொல்வானா?

மறுநாள் ஞாயிறு. திடலுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் போனேன். ஓலீட்டா நான்கு சுற்று ஓட்டினாள். ஒரு கூம்பும் அசையவில்லை. நான்காவது சுற்றில் தன் பழைய நேரத்தை ஒன்றரை விநாடி முந்தினாள். மெர்ல் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவள் இறங்கியதும் போய்க் கேட்டேன். “வண்டி எப்படி இருக்கு?”

“மூக்கு நான் சொன்ன இடத்துக்குப் போகுது. ஆனா பின்னாடி வலது ஷாக் சரியில்ல. ஒவ்வொரு தடவையும் ஒரு குதி கூடுதலாக் குதிக்குது.”

“அதெப்படி, அது புது ஷாக். பூட்டி நாலு வாரம்கூட ஆகல. உங்களுக்குத்தான் அப்படி…”

அவள் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அத்தனையும் நடந்து முடிந்த பிறகும் என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்து வண்டிக்கு அடியில் படுத்தேன். வலது ஷாக்கைத் தொட்டேன். விரலெல்லாம் கசிந்த எண்ணெய்.