சக்களத்திக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் வலையை விட்டுவிட்டு, பழவேற்காட்டு இறால் வியாபாரி ஒருவரின் பழைய பிக்கப் வண்டிக்கு டிரைவராகப் போனார். அன்றிலிருந்து எனக்கு ஒரு சக்களத்தி. எனக்குக் காய்ச்சல் என்றால் "கஷாயம் குடி" என்று சொல்லிவிட்டுப் போகிறவர், அவள் லேசாக இருமினால் ஓடிப்போய் மூடியைத் திறந்து பார்ப்பார். வேலை முடிந்து வந்தாலும் அவள் அடியிலேயே படுத்துக் கிடப்பார். இரும்பைப் பார்த்தா பொறாமைப்பட்டாய் என்று கேட்கலாம். ஆமாம், நன்றாகவே பட்டேன்.

அந்தச் சமயத்தில் என் தங்கைக்கு நிச்சயம் வைத்தார்கள். அம்மா வீடு எளாவூர் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம். பஸ் மாறி மாறிப் போய் அலுத்திருந்த எனக்கு ஒரே ஆசை: ஒருமுறையாவது அந்த முன் சீட்டில் உட்கார்ந்து போய், எங்கள் தெருவே பார்க்க இறங்க வேண்டும். முதலாளியும் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பார்த்தால், பிரேக் லைட் எரியவில்லை. பின்சக்கரத்துக்கு மேலே போகிற ஒயர், கல்லும் சேறும் அடித்து அறுந்திருந்தது.

"பின்னாடி லைட்டு இல்லாம போனா செக்போஸ்ட்டாண்ட நிறுத்திடுவான். சரியாச்சுன்னா போலாம். இல்லன்னா நீ பஸ்ல போய்க்கோ" என்றார்.

அறுந்த முனைகளை முறுக்கி, வலை நூலால் சுற்றி இறுக்கி, மேலே கறுப்பு டேப் ஒட்டினார். எரிந்தது. நான் புடவையை எடுத்து வைத்தேன். நாலு லோடு அடிப்பதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி கட்டினார், மறுபடி அணைந்தது. வேண்டுமென்றே எனக்கு வழிவிடாமல் அடம்பிடிக்கிறாள் என்றே நினைத்தேன்.

நிச்சயத்துக்கு முதல் நாள் டேப்பை அறுத்துப் பார்த்தார். உள்ளே செம்பெல்லாம் பச்சைக் களிம்பு.

"இன்னாத்துக்கு இப்படிப் புடிக்குதுன்னே தெரியல" என்று சொல்லிக்கொண்டே, புது நூலை எடுத்துப் பக்கத்திலிருந்த ஏரித் தண்ணீர் வாளியில் முக்கினார். வலை முடிகிற எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். நூல் நனைந்தால் முடிச்சு இறுகும் என்று கை தானாக வாளிக்குப் போகும். நான் பழைய நூலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. எங்கள் ஏரியில் கடல் தண்ணீர் கலந்து கிடக்கும்.

"யோவ், ஏரித் தண்ணியிலயா நனைச்ச?"

"பின்ன? நனைக்காம முடிச்சு எப்படி நிக்கும்?"

"வல உப்புல கெடக்கும், ஒயரு கெடக்குமா? உப்ப உள்ள வச்சிக் கட்டினா அரிக்காம இன்னா பண்ணும்?"

அவர் வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தார். "நல்ல தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. நிச்சயத்துக்குத் தலை குளிக்க, மணல் ஊற்றில் காத்துக்கிடந்து நான் சுமந்து வந்த ஒரே குடம். முன் சீட்டா, தலைக்குளியலா? வயிறு எரிய எரியக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தேன். அரைக் குடத்தை ஊற்றி ஒயர் முனைகளைக் கழுவினார். என் பழைய சேலையால் ஒற்றி, ஈரம் போக வாயால் ஊதினார். என் கண்ணில் மணல் விழுந்தபோதுகூட அவர் அப்படி ஊதியதில்லை. பிறகு காய்ந்த நூலால் கட்டினார்.

மறுநாள் காலை முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். மிச்சமிருந்த அரைக் குடத்தை என் மடியில் வைத்தார்.

"வழியில சேறு அடிச்சா ஒயரக் கழுவணும். சிந்தாம புடிச்சிக்கோ."

எண்ணெய்ப் பிசுக்குத் தலையோடு அவள் தண்ணீரை மடியில் ஏந்திக்கொண்டு போனேன். செக்போஸ்ட்டில் யாரும் நிறுத்தவில்லை. அம்மா வீட்டுத் தெருவுக்கு முந்தின வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கி, கொண்டையை அவிழ்த்து, குனிந்து, குடத்தை அப்படியே தலையில் கவிழ்த்தேன்.

"ஐயையோ, வண்டிக்கு வச்ச தண்ணிமே!"

"எனக்கு வச்ச தண்ணி" என்றேன்.

அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை நீட்டினார். வண்டி துடைக்கிற துண்டு, கிரீஸ் நாற்றம் வேறு. வாங்கித் துவட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன்.